வைஃபையில் இணைக்கும் முன்: கருவியைத் தயார் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபை கிடைக்கவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் ரவுட்டரைத்தான் அணைத்துப் போடுகிறார்கள். வைஃபையை ஒலிபரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் பொருத்திக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கோளாறு பெரும்பாலும் வைஃபையில் சேர வரும் கருவியில்தான் இருந்திருக்கிறது: பழைய டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்), எப்போதோ எழுதி வைத்த முகவரி, தவறான தேதி, அழிக்கப்படாத பழைய கடவுச்சொல். இணைக்கும் முன் சில நிமிடம் செலவழித்தால் தவிர்த்துவிடக்கூடியவை இவை. ஒரே சந்தேகங்களைப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

ரவுட்டரும் ஆக்சஸ் பாயிண்டும் ஒன்றுதானே?

இல்லை. வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஒன்று போலத் தோன்றுகிறது. ஆக்சஸ் பாயிண்டின் வேலை, கம்பியில் ஓடும் வலையமைப்பை ரேடியோ அலையாக மாற்றிக் கொடுப்பது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி (ஐ.பி. முகவரி) வழங்குவதும் இணையத்துக்கு வழி காட்டுவதும் ரவுட்டரின் வேலை. இந்த வேறுபாடு தெரிந்தால் கோளாறைப் பாதி கண்டுபிடித்தது போலத்தான். வைஃபை பெயரே தெரியவில்லை அல்லது சேர முடியவில்லை என்றால் ஆக்சஸ் பாயிண்டுக்கும் கருவிக்கும் இடையில் தேட வேண்டும். சேர்ந்த பிறகு இணையம் வரவில்லை என்றால் அதற்கு அப்பால் தேட வேண்டும்.

கடவுச்சொல் தெரிந்தால் போதாதா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

வீட்டில் புதிய போனைச் சேர்ப்பதற்குப் போதும். மற்ற இடங்களில் ஐந்து விவரங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வலையமைப்பின் பெயர், பாதுகாப்பு வகை, எந்த அலைவரிசை, முகவரி தானாகக் கிடைக்குமா, கருவியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா. பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும். கையால் தட்டச்சு செய்யும்போது இதை மறக்கக் கூடாது.

கருவியில் மூன்றைப் பாருங்கள். இயங்குதளமும் வைஃபை டிரைவரும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். பழைய இடத்தின் ஐ.பி. முகவரி, டி.என்.எஸ். (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்), பிராக்சி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் ஏன் என்பது கீழே அதனதன் இடத்தில் வருகிறது.

புது இயங்குதளம் நிறுவிய லேப்டாப்பில் வைஃபை பட்டியலே வரவில்லை. கார்டு பழுதாகிவிட்டதா?

பழுது என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். முதலில் விமானப் பயன்முறையையும், லேப்டாப்பின் ஓரத்திலோ விசைப்பலகையிலோ வைஃபைக்கெனத் தனி பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். அடுத்தது டிரைவர். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியதும் வைஃபை கார்டுக்கான டிரைவர் இல்லாமல் போவது சாதாரணம். அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நெட்வொர்க் கேபிளைச் செருகுங்கள். அல்லது போனை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள். பழைய இயங்குதளத்தை அழிப்பதற்கு முன்பே டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளில் இன்னொரு விஷயம் உண்டு. எந்த நாட்டில் பயன்படுத்துகிறோம் என்பதை அமைப்பில் குறிக்கும் வரை வைஃபை பூட்டப்பட்டே இருக்கும். எந்த ரேடியோ தடங்களை (அலைவரிசையின் சிறு பிரிவுகளை) எந்த ஆற்றலில் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுவதுதான் காரணம்.

பக்கத்தில் இருப்பவர் போனில் தெரிகிற வைஃபை பெயர் என் கருவியில் மட்டும் தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் அலைவரிசை வேறுபாடு. வைஃபை 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 மட்டுமே தெரிந்த கருவிக்கு, 5-இல் ஒலிபரப்பாகும் பெயர் கண்ணில் படவே படாது. 6 கிகாஹெர்ட்ஸைப் பார்க்க வைஃபை 6இ அல்லது அதற்குப் பிந்திய கருவி வேண்டும்.

அலைவரிசை பொருந்தினாலும் தடம் பொருந்தாமல் போகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சில நாடுகள் 11 தடங்களையும் பல நாடுகள் 13 தடங்களையும் அனுமதிக்கின்றன. 11 தடங்களுக்கென அமைக்கப்பட்ட கருவி, 12 அல்லது 13-இல் இயங்கும் ஆக்சஸ் பாயிண்டைக் காணாது. ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களிலேயே 2.4-ஐ வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. சில பழைய டிரைவர்கள், வைஃபை 6 ஆக்சஸ் பாயிண்டின் அறிவிப்பைப் புரிந்துகொள்ள முடியாமல் பெயரையே காட்டாமல் விட்டுவிடுகின்றன. டிரைவரைப் புதுப்பித்ததும் பெயர் தோன்றும். இரண்டாவது, காத்திருப்பு. 5 கிகாஹெர்ட்ஸின் சில தடங்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அத்தடங்களில் ஆக்சஸ் பாயிண்ட் ஒலிபரப்பும் முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்டாக வேண்டும் என்பது விதி. மின்சாரம் போய் வந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் உடனே தெரியவில்லை என்றால் சற்றுப் பொறுங்கள்.

ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் சேரவே மாட்டேன் என்கின்றன. போன் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மட்டுமே இருக்கும். அவற்றை அமைக்கும்போது போன் 5-இல் இருந்தால், சில செயலிகள் குழம்பி நின்றுவிடுகின்றன. ஆக்சஸ் பாயிண்டில் 5 கிகாஹெர்ட்ஸைச் சிறிது நேரம் அணைத்துவிட்டுச் சேர்க்கலாம். 2.4-க்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்து அதில் இவற்றையெல்லாம் வைப்பது நிலையான தீர்வு. நான் அதையே செய்கிறேன். போனில் இருப்பிட அனுமதியும் புளூடூத்தும் இயங்க வேண்டும் என்று செயலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். அருகில் உள்ள வைஃபை பெயர்களைத் தேட, பல போன்களில் இருப்பிட அனுமதி இல்லாமல் முடியாது.

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறேன். தவறு என்றே வருகிறது!

உண்மையிலேயே சரியாக அடித்தும் இப்படி வரலாம், நம்புகிறேன். முதலில் கருவி நினைவில் வைத்திருக்கும் பழைய பதிவை நீக்குங்கள். அமைப்புகளில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு ‘மற’ என்பதைத் தேர்வு செய்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். கடவுச்சொல்லோ பாதுகாப்பு வகையோ மாறிய பிறகு, பழைய பதிவை வைத்துக்கொண்டு முட்டி மோதும் கருவிகள் ஏராளம்.

அடுத்து, அடித்த எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள். கடவுச்சொல்லைக் காட்டும் கண் குறியைத் தொட்டால் தெரியும். போன் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருக்கலாம். செய்தியில் வந்ததை நகலெடுத்து ஒட்டியிருந்தால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். விசைப்பலகை தமிழில் இருந்திருக்கலாம். வீட்டு வகை வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை, ஆங்கில எழுத்து, எண், குறிகளால் ஆனது.

இவையெல்லாம் சரி என்றால் பாதுகாப்பு வகை பொருந்தவில்லை என்று பொருள். பல கருவிகள் அதை நேராகச் சொல்லத் தெரியாமல் ‘கடவுச்சொல் தவறு’ என்றே சொல்கின்றன. பாதுகாப்பு வகை பற்றிச் சற்றுக் கீழே விரிவாக இருக்கிறது.

வைஃபை பெயரைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் பெயருக்கான இடம் 32 பைட்டுகள் மட்டுமே. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் ஆகும். ‘வீடு’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கோ வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி என நான்கு, அதாவது 12 பைட்டுகள். ஆகவே பத்துக் குறிகளுக்குள் பெயர் முடிய வேண்டும்.

பழைய பிரிண்டர், சிறு திரை கொண்ட கருவிகள் ஆகியவற்றில் அது புரியாத குறிகளாகத் தெரியும், கையால் தட்டச்சு செய்யவும் முடியாது. போன்கள் மட்டும் இணையும் இடமானால் தமிழ்ப் பெயர் தாராளமாக வையுங்கள். பலவகைக் கருவிகள் சேரும் இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

என்னிடம் ஒரு பழைய கருவி இருக்கிறது. அதற்காக ஆக்சஸ் பாயிண்டின் பாதுகாப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தத் தொகுப்பில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு கருவிக்காகக் கதவைத் திறந்தால், அதே கதவு வழியாக மற்ற எல்லாக் கருவிகளும் வெளியே தெரியும்.

1997-இல் வைஃபை தரத்தோடு வந்த டபிள்யூ.இ.பி. என்ற பாதுகாப்பு முறையின் ஓட்டையை 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். இன்று சாதாரணக் கணினியே அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். 2003-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. ஓர் இடைக்கால ஏற்பாடு. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2, 2006 முதல் வைஃபை சான்று பெறும் எல்லாக் கருவிகளுக்கும் கட்டாயமானது. ஆகவே அதற்குப் பின் சான்று பெற்ற எந்தக் கருவிக்கும் டபிள்யூ.பி.ஏ. 2 தெரியும், அமைப்பில் குறியாக்க முறையாக ஏ.இ.எஸ். என்பதைத் தேர்ந்தெடுங்கள். டி.கே.ஐ.பி. என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பும் போகும், வேகமும் விநாடிக்கு 54 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ. 3 இன்னும் வலுவானது. டபிள்யூ.பி.ஏ. 2-இல் ஒருவர் நீங்கள் இணையும் கணத்தைப் பதிவு செய்துகொண்டு போய், வேறிடத்தில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும். டபிள்யூ.பி.ஏ. 3-இல் அது நடக்காது. 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூ.பி.ஏ. 2-க்கு இடமே இல்லை. பழையதும் புதியதும் கலந்த இடங்களில் டபிள்யூ.பி.ஏ. 2-உம் 3-உம் சேர்ந்த கலப்பு முறையை வையுங்கள். அப்போது மேலாண்மைச் செய்திகளுக்கான பாதுகாப்பு என்ற அமைப்பைக் ‘கட்டாயம்’ என்று வைக்காமல் ‘விருப்பம்’ என்று வைத்தால்தான் பழைய கருவிகள் சேரும். அப்படியும் சேராத கருவியைக் கேபிளில் இணையுங்கள். இல்லையேல் இணையத்தை மட்டும் தொடும் தனி வலையமைப்பில் ஒதுக்கி வையுங்கள்.

அப்படியானால் ஆக்சஸ் பாயிண்டில் நல்ல பாதுகாப்பு வைத்துவிட்டால் கருவியைப் புதுப்பிக்கத் தேவையில்லை அல்லவா?

தேவை. 2017 அக்டோபரில் மேத்தி வான்ஹோஃப் என்ற ஆய்வாளர் டபிள்யூ.பி.ஏ. 2-இல் உள்ள ஒரு குறையை வெளியிட்டார். ‘கிராக்’ என்று அதற்குப் பெயர். அந்தத் தாக்குதல் முக்கியமாகப் போன், லேப்டாப் போன்ற இணையும் கருவிகளைக் குறிவைத்தது. ஆக்சஸ் பாயிண்டை மட்டும் புதுப்பித்து அதைச் சரிசெய்ய முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை. ஒவ்வொரு கருவியிலும் புதுப்பிப்பு நிறுவ வேண்டியிருந்தது.

‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று வருகிறது. இணைந்த பிறகு ஏன் வேலை செய்யவில்லை?

கருவியின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் கருவி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரின் முகவரிப் பகிர்வு, அதாவது டி.எச்.சி.பி., நின்றிருக்கலாம், கொடுக்க முகவரி மிச்சமில்லாமலும் இருக்கலாம். வந்து போகும் கூட்டம் அதிகமுள்ள இடங்களில், ஒரு முகவரியை 24 மணி நேரத்துக்குக் கொடுக்கும் அமைப்பு இருந்தால், எழுந்து போனவர்களின் முகவரிகளும் மாலை வரை பூட்டப்பட்டே கிடக்கும். அங்கே அந்தக் கால அளவை ஓரிரு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

முகவரி, அங்குள்ள மற்றக் கருவிகளுடையதைப் போலத் தொடங்காமல் வேறு வரிசையில் இருந்தால், யாரோ எப்போதோ கையால் எழுதியது அது. ஒருமுறை ஒரு லேப்டாப்புக்காக நான் அரை நாள் செலவழித்தேன். ஆக்சஸ் பாயிண்டை மாற்றிப் பார்த்தேன், தடங்களை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், அதன் உரிமையாளர் முன்பு வேலை செய்த இடத்தின் நிலையான முகவரி அதில் எழுதப்பட்டிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கருவியைத் தொட்டாலும் முகவரியும் டி.என்.எஸ்ஸும் ‘தானாகப் பெறு’ என்று இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். பிராக்சியையும் அப்படியே பாருங்கள்.

பிரிண்டருக்கு மட்டுமாவது நிலையான முகவரி வேண்டுமே?

வேண்டும். ஆனால் பிரிண்டரில் எழுதாதீர்கள், ரவுட்டரில் ஒதுக்குங்கள். பிரிண்டரின் மேக் முகவரியை (வலையமைப்பில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்) குறித்து, ‘இந்தக் கருவி வந்தால் இந்த முகவரியைக் கொடு’ என்று ரவுட்டரில் பதிவு செய்தால் போதும். பிரிண்டர் எப்போதும்போலத் தானாகவே கேட்டுப் பெறும். இடம் மாறினாலும் மேலே சொன்ன லேப்டாப்பின் கதி அதற்கு வராது.

என் போனின் மேக் முகவரியைப் பதிவு செய்தார்கள். ஆனாலும் உள்ளே விடவில்லை. எண்ணைத் தவறாக எழுதிவிட்டார்களா?

எண் சரியாகவே இருக்கும். போன்தான் வேறு எண்ணைக் காட்டுகிறது. நம் நடமாட்டத்தை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக, 2019-இல் ஆண்ட்ராய்டு 10 முதலும் 2020-இல் ஐ.ஓ.எஸ். 14 முதலும் போன்கள் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டுகின்றன. போனைப் பற்றிய பக்கத்தில் இருப்பது உண்மையான முகவரி. வைஃபை பெயரைத் தொட்டால் வருவதுதான் அந்த இடத்தில் பயன்படும் முகவரி. இரண்டாவதாகச் சொன்னதைப் பதிவு செய்யுங்கள், அல்லது அந்த ஒரு வலையமைப்புக்கு மட்டும் ‘கருவியின் மேக்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் கற்பனை முகவரி.

மேக் பட்டியலைப் பாதுகாப்பாக நினைத்து நிம்மதி அடைய வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். அந்த முகவரி காற்றில் மறைக்கப்படாமல் போகிறது. கேட்பவர் அதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம்.

விடுதி, நூலகம் போன்ற இடங்களில் உள்நுழைவுப் பக்கம் வருவதே இல்லை.

இணைந்ததும் போன் தனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தைக் குறியாக்கம் இல்லாமல் கேட்டுப் பார்க்கும். வேறு பதில் வந்தால், நுழைவுப் பக்கம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அதைத் திறக்கும். வி.பி.என். (எல்லாப் போக்குவரத்தையும் வேறொரு சர்வர் வழியாகக் குறியாக்கி அனுப்பும் வசதி), தனிப்பட்ட டி.என்.எஸ்., கையால் எழுதிய டி.என்.எஸ். இவற்றில் ஒன்று இயங்கினாலும் இந்தச் சோதனை தடைபடலாம். அவற்றை நிறுத்திவிட்டு நுழையுங்கள், நுழைந்ததும் மறுபடி இயக்குங்கள். அப்போதும் வராவிட்டால், வைஃபை விவரங்களில் நுழைவாயில் என்று குறிக்கப்பட்டிருக்கும் முகவரியை உலாவியில் அடித்துப் பாருங்கள்.

அலுவலக வைஃபையில் பயனர் பெயர், சான்றிதழ், டொமைன் என்று என்னென்னவோ கேட்கிறது. சான்றிதழைச் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று வைத்தால் உடனே சேர்ந்துவிடுகிறதே?

சேரும். ஆனால் யாரிடம் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இந்த வகையில் எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல் இல்லை. ஒவ்வொருவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு சர்வர் சரிபார்க்கிறது. அந்தச் சர்வர் உண்மையானதே என்று கருவிக்குக் காட்டும் அடையாளச் சீட்டுதான் சான்றிதழ். அதே பெயரில் ஒரு போலி ஆக்சஸ் பாயிண்டை வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றால், சான்றிதழைப் பார்க்காத கருவி அவரிடமே அலுவலகக் கடவுச்சொல்லை நீட்டிவிடும். அதனால்தான் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகள் பலவற்றில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். நிர்வாகியிடம் சான்றிதழ், சர்வரின் டொமைன் பெயர், எந்தச் சரிபார்ப்பு முறை என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் தயாரித்த அமைப்புக் கோப்பு இருந்தால் அதுவே சிறந்தது.

தேதி சரியாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து பல ஆண்டுகள் பின்னால் போய்விட்ட கணினிக்கு, நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தெரியும். வீட்டு வைஃபையில் சேரும்போது தேதி பார்க்கப்படாது. ஆகவே ‘வீட்டில் சேர்கிறது, அலுவலகத்தில் சேரவில்லை’ என்றால் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு கூடுமா?

கூடாது. மறைத்த பெயரைத் தேட, கருவிதான் போகும் இடமெல்லாம் ‘நீ இருக்கிறாயா’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ரகசியமாக இருக்க நினைத்த பெயரை ஊரெங்கும் சொல்லித் திரிவதாகிவிடும். கருவியை அமைப்பதும் கடினம்.

கடவுச்சொல் அடிக்காமல், ஆக்சஸ் பாயிண்டில் உள்ள டபிள்யூ.பி.எஸ். பொத்தானை அழுத்திச் சேர்ப்பது எளிதாக இருக்கிறதே, அது போதாதா?

பொத்தான் வழி ஓரளவு பரவாயில்லை. அதோடு வரும் 8 இலக்க எண் வழிதான் ஆபத்து. அந்த எண்ணை ஆக்சஸ் பாயிண்ட் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமும் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-இல் தெரியவந்தது. ஆண்ட்ராய்டும் பதிப்பு 9-இல் டபிள்யூ.பி.எஸ்ஸைக் கைவிட்டுவிட்டது. எளிமை வேண்டுமென்றால் கியூ.ஆர். குறியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே சேர்ந்த போனிலிருந்தே அதைக் காட்டலாம்.

போனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றை ஒன்று காணவில்லை.

விருந்தினர் வலையமைப்பில் சேர்த்திருப்பீர்கள். அங்கே கருவிகள் ஒன்றையொன்று தொட முடியாதபடி பிரித்து வைப்பது வழக்கம், அது நல்லதும்கூட. இரண்டையும் முதன்மை வலையமைப்புக்கு மாற்றுங்கள்.

மூன்று ஆக்சஸ் பாயிண்ட் வைத்திருக்கிறோம். பக்கத்து அறைக்கு வந்தும் லேப்டாப் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

எப்போது மாறுவது என்று முடிவு செய்வது கருவியே. ஆக்சஸ் பாயிண்ட் ஆலோசனை மட்டும் சொல்லலாம். ஐபோன்கள் சுமார் மைனஸ் 70 டி.பி.எம். (சமிக்ஞை வலிமையை அளக்கும் அலகு) அளவுக்குச் சமிக்ஞை இறங்கிய பிறகே வேறிடம் தேடத் தொடங்குகின்றன. மற்றக் கருவிகளுக்கு அவரவர் கணக்கு. மூன்றிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை இருக்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்டின் ஆற்றலைக் கூட்டாமல் குறைத்துப் பாருங்கள். அப்போதுதான் விலகிப் போகும் கருவிக்குச் சமிக்ஞை குறைவது தெரியும். சில விண்டோஸ் லேப்டாப் டிரைவர்களில், மாறும் ஆர்வத்தை உயர்த்தி வைக்கவும் ஓர் அமைப்பு உண்டு.

நாளைக்கு ஐம்பது கருவிகளைச் சேர்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு மாடலிலும் ஒரே ஒரு கருவியை எடுத்து, இன்றே முழுவதுமாகச் சேர்த்துப் பாருங்கள். புதுப்பித்தல், சேர்த்தல், முகவரி பெறுதல், அணைத்துப் போட்டதும் தானாக மீண்டும் சேர்தல் என்று கடைசி வரை போங்கள். அணைத்துப் போட்டுப் பார்ப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் வந்தால் அது ஒரு கருவியோடு இன்றே தெரிந்துவிடும்.

ஐம்பதுக்கும் முகவரி இருக்கிறதா என்று ரவுட்டரில் எண்ணிப் பாருங்கள். கனமான புதுப்பிப்புகளை நாளை காலையில் ஐம்பதும் ஒன்றாக இறக்கத் தொடங்கினால் வைஃபை மூச்சுத் திணறும். இன்று இரவே கேபிளில் ஐந்தைந்தாக முடித்துவிடுங்கள். கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருள் இருந்தால் வைஃபை அமைப்பை அதன் வழியாக அனுப்பலாம், ஆனால் அதைப் பெறவே கருவிக்கு முதலில் ஓர் இணைப்பு வேண்டும். அதற்கென்று ஒரு தற்காலிக வலையமைப்பை உருவாக்கி, கடைசிக் கருவியும் சேர்ந்த மாலையில் மறக்காமல் அழித்துவிடுங்கள்.